ஒரு வளைக்குள் இரண்டு முயல்: சில வரலாற்றுக் குறிப்புகள்

தமிழில் 'முயல்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விலங்குகளைக் கூப்பிடுகிறோம். எங்கள் சுரக்குடிப் பக்கம் அறுவடை முடிந்த வயலிலும் கருவைக் காட்டு ஓரத்திலும் சட்டென்று எழுந்து ஓடுவது ஒன்று. பிடரியில் கறுப்பு, நீண்ட கால், நீண்ட காது. காரைக்கால் கடையில் கம்பிக் கூண்டுக்குள் வெள்ளையாக உட்கார்ந்து மூக்கை ஆட்டிக்கொண்டிருப்பது இன்னொன்று. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் முதலாவதற்கு 48 குரோமோசோம், இரண்டாவதற்கு 44. இரண்டும் இணைந்து குட்டி போடாது.

வசதிக்காக இந்தக் கட்டுரையில் முன்னதைக் காட்டுமுயல் என்றும் பின்னதைக் குழிமுயல் என்றும் சொல்கிறேன். இந்த வித்தியாசம் தெரியாமல் போவதால் ஏற்படும் சிக்கல் சாதாரணமானதல்ல. வீட்டில் ஏற்கெனவே ஒரு முயல் இருக்க, துணைக்கு இன்னொன்று வாங்கி வந்து அதே கூண்டில் போட்டுவிட்டு, காலையில் ரத்தத்தைப் பார்த்து அதிர்ந்துபோனவர்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். "இவ்வளவு சாதுவான பிராணி எப்படிங்க இப்படிக் கடிச்சுது?" என்று கேட்பார்கள். அதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது. அதைத் தேடிப் போனபோது சேர்த்த குறிப்புகள் இவை.

நம் கதைகளில் முயல் தனி ஆள்

காட்டுமுயல் நமக்குப் பழைய உறவு. திருக்குறளில் கானமுயல் வேட்டைப் பொருளாக வருகிறது. நிலவில் தெரியும் கறைக்கு முயற்கறை என்று பெயர் வைத்தோம். பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளியது முயல், யானைக் கூட்டத்தை ஏமாற்றி அனுப்பியதும் முயல். ஆமையோடு ஓடித் தோற்ற முயல் ஈசாப் வழியாக வந்து சேர்ந்தது.

இந்தக் கதைகளில் எல்லாம் முயல் ஒற்றையாகத்தான் வரும். சிங்கம், யானை, ஆமை என்று எதிராளி மாறுமே தவிர முயலுக்கென்று ஒரு துணை கிடையாது. அது சரியான கவனிப்புதான். காட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. புல்லுக்குள் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளம் செய்து படுத்துக்கொள்ளும். அதன் குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். ஒளிந்திருக்கவும் ஓடவும் அதற்குக் கூட்டம் தேவையில்லை. (இது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் கீழ் வரும் விலங்கு. பிடித்து வளர்க்கக் கூடாது.)

குழிமுயல் வேறு மாதிரி. குட்டி கண் மூடி, முடியில்லாமல் பிறக்கும். அதனால் வளை வேண்டும். வளை இருந்தால் அதைக் காக்க வேண்டும். காக்க வேண்டுமென்றால் யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கு வேண்டும். வீட்டுக்குள் நாம் பார்க்கும் முயல் சண்டை எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

ஸ்பெயினிலிருந்து புறப்பட்டது

குழிமுயலின் தாய்மண் ஐபீரியத் தீபகற்பம், அதாவது இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும், தெற்கு பிரான்சும். ரோமானியர்களுக்கு அங்கே போனபிறகுதான் அது பழக்கம். வேளாண்மை பற்றி எழுதிய வர்ரோ, சுற்றுச்சுவர் எழுப்பி முயல்களை அடைத்து வளர்க்கும் தோட்டங்களைப் பற்றிச் சொல்கிறார்; ஸ்பெயினிலிருந்து வந்த வளை தோண்டும் வகையைத் தனியாகவும் குறிப்பிடுகிறார். பாலேரிக் தீவுகளில் முயல் பெருகிப் பயிரை அழித்ததால் மக்கள் பேரரசர் அகஸ்டஸிடம் படை உதவி கேட்டார்கள் என்று பிளினி எழுதியிருக்கிறார். ஆக, முயலோடு மனிதனுக்கு உள்ள இரட்டை உறவு, வளர்ப்பதும் விரட்டுவதும், அப்போதே தொடங்கிவிட்டது.

வீட்டு முயல் எப்போது உருவானது என்பதற்கு ஒரு கதை நெடுநாளாகச் சுற்றிவந்தது. கி.பி. 600 வாக்கில் போப் கிரிகோரி, முயல் குட்டி இறைச்சியல்ல, நோன்பில் சாப்பிடலாம் என்று அறிவித்ததாகவும், உடனே மடங்களில் துறவிகள் முயல் வளர்க்கத் தொடங்கியதாகவும் கதை. 2018-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். போப் அப்படி எதுவும் சொல்லவில்லை. தூர் நகரத்து கிரிகோரி என்ற வேறொருவர், நோன்பு காலத்தில் முயல் குட்டி தின்ற ஒரு மனிதனைப் பற்றி எழுதியது இப்படித் திரிந்து போயிருந்தது. ஒரு நாளில், ஓர் ஆணையில் முயல் வீட்டு விலங்காகவில்லை. நூற்றாண்டுகளாக மெல்ல மெல்ல நடந்தது அது.

முயலின் உடம்பும் அதையே சொல்கிறது. 2014-இல் வெளியான மரபணு ஆய்வு, காட்டிலுள்ள குழிமுயலுக்கும் வீட்டு முயலுக்கும் இடையே ஒரே பெரிய மாற்றம் எதுவும் இல்லை, பல சிறுசிறு மாற்றங்கள்தான் என்றது. அவற்றில் நிறைய, மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுக்களின் பக்கத்தில் இருந்தன. 2018-இல் எட்டு வீட்டு முயல், எட்டுக் காட்டுக் குழிமுயல்களின் மூளையைப் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி வீட்டு முயலில் சிறுத்திருந்தது. அந்தப் பயத்துக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதி ஒன்று பெருத்திருந்தது.

என் கணக்கில் இதன் பொருள் இதுதான்: வீட்டு முயலுக்கு நம் மேலுள்ள பயம் குறைந்திருக்கிறது. இன்னொரு முயல் மேலுள்ள சந்தேகம் அப்படியே இருக்கிறது. மடியில் ஏறி உட்காரும் முயல், பக்கத்துக் கூண்டு முயலைக் கண்டால் மண்ணைப் பறிப்பதற்குக் காரணம் வேறு என்னவாக இருக்க முடியும்?

எதிரிகள் எழுதி வைத்த பாடம்

இனித்தான் எனக்கு ஆச்சரியமாக இருந்த பகுதி வருகிறது. முயல்களின் நட்பு, பகை, எல்லை பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு முயலை நேசித்தவர்கள் தந்தது அல்ல. முயலை ஒழிக்க நினைத்த நாடு தந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஐந்து முயல்கள் 1788-இலேயே கப்பலில் போய்விட்டன. அதன்பின் பல முறை கொண்டுபோனார்கள். அவை பெரும்பாலும் வீட்டு முயல்கள், பெரிதாகப் பரவவில்லை. 1859 டிசம்பரில் விக்டோரியா மாநிலத்து பார்வன் பார்க் என்ற பண்ணையில், தாமஸ் ஆஸ்டின் என்பவர் இங்கிலாந்திலிருந்து வேட்டைப் பொழுதுபோக்குக்காக வரவழைத்த முயல்கள் வந்திறங்கின. அவற்றில் காட்டு ரத்தம் கலந்திருந்தது. இன்றைய ஆஸ்திரேலிய முயல் தொல்லையின் மூலம் பெரும்பாலும் அந்த ஒரு பண்ணைதான் என்று 2022-இல் மரபணு ஆய்வே உறுதி செய்தது. ஐம்பது வருடத்தில் கண்டம் முழுக்க முயல்.

1950-இல் ஆஸ்திரேலியா மிக்ஸோமா என்ற வைரஸை முயல்களிடையே பரப்பியது. இரண்டு வருடம் கழித்து, 1952 ஜூனில், பிரான்சில் ஆர்மான் தெலீல் என்ற ஓய்வுபெற்ற மருத்துவர், மயேபுவா என்ற ஊரில் தன் தோட்டத்து முயல் தொல்லை தீர அதே வைரஸை இரண்டு முயலுக்கு ஊசி போட்டு விட்டார். நோய் மதில் தாண்டியது. கொஞ்ச காலத்திலேயே பிரான்சின் காட்டுக் குழிமுயல்களில் பெரும்பாலானவை செத்து மடிந்தன. வேட்டைக்காரர்கள் கொதித்தார்கள். வழக்கு நடந்து அவருக்கு அபராதம் விதித்தார்கள். பிறகு வனத்துறையினர் பதக்கமும் கொடுத்தார்கள். அந்த 1952-இல் எங்கள் காரைக்காலும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. கைமாறியது 1954 நவம்பர் 1-இல். ஆட்சிக்காரர்களின் நாட்டில் முயல் சாவு ஒரு நீதிமன்ற விவகாரமாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே நடந்துகொண்டிருந்தது விடுதலைப் போராட்டம்.

வைரஸ் மட்டும் போதாது, முயல் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால்தான் கட்டுப்படுத்த முடியும் என்று ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனம் முடிவு செய்தது. அங்கே வேலை செய்த ரோமன் மைகிடோவிச் என்பவர் வருடக்கணக்காக அடைப்புகளில் முயல்களைக் கவனித்தார். முயலின் மோவாய்க்கு அடியில் ஒரு வாசனைச் சுரப்பி உண்டு. கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள ஆண்களுக்கு அது பெரிதாக இருக்கும், அவை அடிக்கடி பொருள்கள் மேல் மோவாயைத் தேய்க்கும், புழுக்கையையும் எல்லைக் கல் மாதிரி பயன்படுத்தும் என்று அவர் காட்டினார். நம் வீட்டு முயல் நாற்காலிக் காலில் மோவாயைத் தேய்ப்பதைப் பார்த்து 'கொஞ்சுது' என்கிறோம். அது பட்டா எழுதுகிறது.

1976-இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் நேரடியாக உதவும். இரண்டு முயலுக்கும் புதிதான ஓர் இடத்தில் ஒரு முயலின் வாசனையை வைத்துவிட்டு இரண்டையும் சந்திக்க விட்டார்கள். யாருடைய வாசனை இருந்ததோ அதற்குத் தைரியம் கூடியது. 'புது முயலைப் பழைய முயலின் இடத்தில் விடாதே, இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் சந்திக்க வை' என்று இன்று முயல் வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்களே, அந்த அறிவுரைக்குப் பின்னால் உள்ள ஆய்வு இது. ஒழிக்கச் சேர்த்த அறிவு ஒட்டவைக்கப் பயன்படுகிறது.

பிரிட்டனில் ரொனால்ட் லாக்லி வேல்ஸ் பகுதியில் அடைப்பு கட்டிக் கவனித்து 1964-இல் முயல்களின் அந்தரங்க வாழ்க்கை பற்றி ஒரு நூல் எழுதினார். ரிச்சர்ட் ஆடம்ஸின் 'வாட்டர்ஷிப் டவுன்' நாவலுக்கு (1972) அதுவே ஆதாரம். முயலை வீட்டுக்குள் குடும்பத்தில் ஒன்றாக வளர்க்கலாம் என்ற பேச்சு அதற்கும் பிந்தையது. மாரினெல் ஹாரிமன் கலிஃபோர்னியாவிலிருந்து கையேடு எழுதியது 1985-இல், வீட்டு முயல் சங்கம் தொடங்கியது 1988-இல்.

மலையேறிய முயல்

நம் ஊருக்குக் குழிமுயல் வந்த வழி அடுக்களை வழி, பண்ணை வழி. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. நீலகிரியில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. ஆட்டுக்காக ஏற்பட்ட இந்த இரண்டு இடங்களும்தான் தமிழ்நாட்டில் முயலுக்கும் முகவரி. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்ற பெயர்களெல்லாம் பரவியது இப்படிப்பட்ட பண்ணைகள் வழியாகத்தான். பெயர்களை நம்பிவிடக் கூடாது. நியூசிலாந்து வெள்ளை உருவானது அமெரிக்காவில். சின்சில்லா முயல் முதன்முதலில் கண்காட்சிக்கு வந்தது 1913-இல், பிரான்சில்.

ஏன் மலை? குழிமுயலுக்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூடு வெளியேறும். 30 டிகிரிக்கு மேல் போனாலே திணறும், 35-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சூட்டில் கிடாய்க்குத் தற்காலிக மலடும் வரும். காரைக்கால் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள்.

பண்ணைக்காரர்களிடம் ஒரு பழைய விதி உண்டு: இணை சேர்க்கும்போது பெண்ணை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும், ஆணைப் பெண்ணின் கூண்டுக்குக் கொண்டுவரவே கூடாது. பெண் தன் கூண்டைக் காக்கும், கடித்துத் துரத்தும். மைகிடோவிச் ஆய்வு செய்து சொன்னதையே பண்ணைக்காரர்கள் அனுபவத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

சுரக்குடியில் செய்து பார்த்தது

எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு பெண் முயல், இரண்டு வயது. அதன் ஜோடி போன ஆவணியில் நோய் கண்டு செத்தது. உடம்பைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் வைத்தோம். முகர்ந்தது, தள்ளிப் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகு அரை நாள் தீனியைத் தொடவில்லை. முயல் சாப்பிடாமல் இருப்பது சின்ன விஷயம் அல்ல. குடல் ஓட்டம் நின்றால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அகத்திக் கீரையும் அருகம்புல்லும் கையால் நீட்டி நீட்டித்தான் மீட்டோம். ஆனாலும் மூலையை விட்டு எழவில்லை. துணை தேடுவது என்று முடிவு செய்தது அதனால்தான்.

ஐப்பசியில் சீனு வந்தான், ஐந்து மாத ஆண். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ஏந்தம்பி, ஒரே இனந்தானே, உள்ள தூக்கி விட்டுட்டா அதுங்களாப் பழகிக்காதா?" என்றார். "இல்ல பெரியம்மா, அது வீடு, இவன் விருந்தாளி. வாசல்ல பாய் போட்டுப் பேச விடணும்" என்றேன்.

முதல் இரண்டு வாரம் தனி அறை. மூக்கொழுகல், காதுச் சொறி, கழிச்சல் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் காலம் இது. மழைக்காலத்தில் ஈரச் சாக்கில் குடல் நோய் சீக்கிரம் தொற்றும் என்பதால் சாக்கைத் தினம் மாற்றினோம்.

பிறகு சீனுவுக்கு விதை நீக்கம். முயலுக்கு அறுவை செய்து பழகிய மருத்துவரைத் தேடி வெளியூர் போக வேண்டியிருந்தது. இரண்டு தகவல் முக்கியம். நாய், பூனைக்குச் செய்வது போல முயலை முதல்நாள் பட்டினி போடக் கூடாது. அதற்கு வாந்தி வராது, குடல் நிற்பதுதான் ஆபத்து. அடுத்து, அறுவை முடிந்தும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ஆண் சினைப்படுத்தும். பெண்ணுக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள்தான், ஈன்ற அன்றே மறுபடி சினையாகும். ஆகவே ஆறு வாரம் முழுதாகக் காத்திருந்தோம்.

அந்த ஆறு வாரமும் வீண் போகவில்லை. இரண்டு கூண்டையும் பக்கத்தில் வைத்தோம், மூக்கைக் கடிக்க எட்டாத இடைவெளியில். சாக்கை மாற்றி மாற்றிப் போட்டோம், ஒன்றின் வாசனை மற்றதற்குப் பழகட்டும் என்று. கருப்பி முதல் வாரம் சீனுவின் சாக்கு மேல் வேண்டுமென்றே புழுக்கை போட்டது. நான்காவது வாரம் அதன் மேலேயே படுத்தது.

தையில், வெயில் ஏறுவதற்கு முன், பெரியம்மா வீட்டுத் திண்ணையைக் கேட்டு வாங்கினோம். எந்த முயலும் கால் வைக்காத இடம். பத்து நிமிடம்தான் முதல் சந்திப்பு. கையில் தடிமனான துண்டு; வெறும் கையை நடுவில் நீட்டினால் கடி நமக்குத்தான். ஏறுவது, துரத்துவது, கொஞ்சம் முடி பறப்பது எல்லாம் நடக்கும், நடக்கவும் வேண்டும், யார் பெரியவர் என்று அதுகள் தீர்த்துக்கொள்கிற முறை அது. காது பின்னால் மடங்கி, வால் தூக்கி, ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் மட்டும் உடனே துண்டைப் போட்டுப் பிரித்துவிட வேண்டும். அடுத்த நொடி வயிறு கிழியும்.

தினமும் இரண்டு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டினோம். பன்னிரண்டாம் நாள் இரண்டும் முதுகைக் காட்டிக்கொண்டு தனித்தனியாகப் புல் மென்றன. அலட்சியம் மாதிரித் தெரியும், ஆனால் முயல் முதுகைக் காட்டுவது நம்பிக்கை. பத்தொன்பதாம் நாள் கருப்பி தலையைத் தாழ்த்தி நீட்டியது. சீனு அதன் நெற்றியை நக்கினான். பெரியம்மா, "கல்யாணம் முடிஞ்சுதுடா" என்றார். அதற்குப் பிறகுதான் கழுவிய புதுக் கூண்டில், சாமான்களை இடம் மாற்றி வைத்து, ஒன்றாக விட்டோம். ஒருமுறை சேர்ந்தபின் பிரிக்கக் கூடாது. மருத்துவரிடம் போனால்கூட இரண்டையும் ஒரே கூடையில்தான் கொண்டுபோகிறோம்.

பயமும் நட்பும்

ஒரு குறுக்கு வழி பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு முயலையும் ஒரே பெட்டியில் போட்டுக் காரில் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் பழகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன மூளை ஆய்வை வைத்துப் பார்த்தால், ஆயிரம் வருடத்துக்கும் மேலாக முயலிடம் எதைக் குறைத்துக் குறைத்து வீட்டு விலங்காக்கினோமோ அந்தப் பயத்தையே மறுபடி கிளறிவிடுகிறோம். பெட்டியைத் திறந்ததும் பயம் போகும். அதோடு ஒட்டுதலும் போகலாம். எல்லைக் கணக்கு அப்போதும் தீராமல்தான் இருக்கும்.

இங்கே வசிப்பவர்களுக்குச் சுருக்கமாக: மார்கழி, தை, மாசி தான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். சித்திரை, வைகாசியில் தொடங்காதீர்கள். வெயிலில் துரத்தல் ஓட்டமே உயிரை எடுத்துவிடும். விதை நீக்கிய ஆண், கருப்பை நீக்கிய பெண் என்ற ஜோடிதான் எல்லாவற்றிலும் சுலபம். பெண்ணுக்கு அறுவை செய்ய வழியில்லாவிட்டால் ஆணுக்காவது செய்யுங்கள். விதை நீக்காத இரண்டு ஆண்களைச் சேர்க்க முயல வேண்டாம். கடையில் ஒன்றாக இருந்த உடன்பிறப்புகள்கூட மூன்று நான்கு மாதம் ஆனதும் சண்டை போடும். சிலதுக்கு ஒரு வாரம், சிலதுக்கு மூன்று மாதம், சிலது கடைசிவரை சேராது. சேராத முயல்களைப் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில், பார்க்கும் தூரத்தில் வைப்பதும் ஒரு துணைதான்.

காட்டுமுயலைப் பார்த்துத்தான் நாம் 'முயல்' என்ற சொல்லை உருவாக்கினோம். குழிமுயல் வந்தபோது அதே சொல்லைத் தூக்கிக் கொடுத்தோம். கூடவே தனி ஆள் என்ற எண்ணமும் போயிருக்கிறது. கூண்டில் ஒற்றையாக வைத்தால் போதும் என்று நாம் நினைப்பதற்கும், இரண்டாவதை யோசிக்காமல் உள்ளே விடுவதற்கும் அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த விலங்கு தனியாக வாழப் பிறந்ததும் இல்லை, யாரோடும் வாழச் சம்மதிப்பதும் இல்லை. யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்ய அதற்குக் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தால் போதும்.